நிரோவைப் பார்க்கப் போன பஸ்

ஓகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலிருந்து மழை. டென்மார்க்கில் பெயர்தான் ஓகஸ்ட், குளிர் ஒக்டோபர் குளிர்.

மகன் நிரோவை வடக்கே ஓல்போர்க்கில் கொண்டுபோய் விட்டு வந்தாயிற்று. கொண்டுபோனவை: குத்தரிசி ஒரு பை, என் மனிசி மலர் தன் கையால் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், போர்வை, சப்பாத்துகள் (ஒவ்வொன்றும் ஒரு தோணி). மறந்தது: தலையணை. இதற்காக மலர் திரும்பும் வழியில் விபோர்க் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நானா தலையணைக்குப் பொறுப்பு?

கூடைப்பந்துக் கிளப் கொடுத்த வீட்டில் மூன்று அறை, மூன்று பையன்கள். டெரல் என்று ஓர் அமெரிக்கன். மாக்னுஸ் என்று திஸ்டெட் பக்கத்து டேனிஷ்காரன். பிறகு எங்கள் நிரோஜன். அணியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். செப்டெம்பர் நடுவுக்குள் ஒருவனை வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் அனுப்பிவிடுவார்களாம். அதுவரை மூவரும் ஒரே குசினியில் சமைத்து ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ.

அரிசிப் பையை மாடிக்குத் தூக்கியது மாக்னுஸ். நல்ல பையன். நல்ல பையனாக இருப்பதுதான் பிரச்சினை, மனம் நிறைய வெறுக்க முடியவில்லை.

நாலு வருடம் அமெரிக்காவில் கல்லூரி. பந்துக்காகவே படிப்பு இலவசம். ஜூனில் அங்கே பெரிய லீக்குக்கு ஆள் எடுக்கிற நாள். பெயர் பெயராக வாசிப்பார்கள். "என்ர பேர் வராது அப்பா, பாத்துக்கொண்டிருக்காதேங்கோ" என்று முதலே சொன்னான். மறுநாள் காலை பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலேயும் பார்த்தேன். பிறகு, பெயர் வராதவர்களைக் கூப்பிட்டு ஓடவிட்டுப் பார்க்கும் கோடை முகாம் ஒன்று. அங்கும் கடைசியில் கை கொடுத்து, முதுகில் தட்டி, விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். இப்போது ஓல்போர்க். இதுவும் இல்லை என்றால் எது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காரில் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டான். "அப்பா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. முடிவு வரட்டும்."

"நான் ஏன் சொல்லுறன்?" என்றேன்.


ஓகஸ்ட் 19, செவ்வாய்

வேலை. தொழிற்சாலையில் அலுமாரிக் கதவுகள் முழு நாளும். முழங்கை நோவு.

சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். சி. அண்ணை வந்தார். சிவநேசன் அண்ணை, எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர், மகன் பல் டாக்டர், அதைச் சொல்லாமல் அவரால் வெங்காயம்கூட வாங்க முடியாது.

"என்னடாப்பா, உன்ர பெடியன் அமெரிக்காவால வந்திட்டானாம்? இனி என்ன பிளான்?"

அந்த 'இனி என்ன பிளான்' இருக்கிறதே. ஊசி.

"ஓல்போர்க் கிளப்பில நிக்கிறான்" என்றேன். நிற்கிறான்தானே. அது பொய்யில்லை.

"ப்ரொஃபஷனல் கிளப்போ? எடுத்திட்டாங்களோ?"

நான் குனிந்து முருங்கைக்காய் பொறுக்கினேன். முற்றல். ஒன்றும் நல்லதில்லை. இருந்தும் பொறுக்கினேன். "ஓம்... அங்கதான் இப்ப."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றுவதற்குள் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து மலரின் மச்சாள் அழைத்தாள். நிரோ எடுபட்டிட்டானாம், வாழ்த்துகளாம், எவ்வளவு சம்பளமாம்.

மலர் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் குளியலறைக்குப் போய்விட்டேன்.


ஓகஸ்ட் 20, புதன்

மலர் கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் கதைத்தாள்.

கடைசியில் வாய் திறந்தது: "உங்களுக்கு ஒரு வாய் இருக்கு, அதுக்கு ஒரு கதவில்லை."

நான் சொன்னேன், நாளைக்கே சி. அண்ணையைக் கூப்பிட்டுத் திருத்திவிடுகிறேன் என்று. எப்படித் திருத்துவது? 'எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று சொன்னால் 'ஓ, எடுக்கேல்லயோ' என்றாகிவிடும். அந்த 'ஓ'வை என்னால் கேட்க முடியாது. ஒரு நல்ல செய்தி வந்து முடிவு எப்படியும் சரியாகிவிட்டால், சொன்னது பொய்யே இல்லையே. கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான்.

இப்படி யோசித்தால் நித்திரை வரும்.


ஓகஸ்ட் 23, சனி

வெயில். நம்ப முடியாத வெயில். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உதவிக்குப் போனேன், பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி, அப்பாக்கள் வெளியே கோப்பி.

சி. அண்ணை எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டார். டென்மார்க்கில் எங்கட பெடியன் ஒருத்தன் ப்ரொஃபஷனல் கிளப்பில ஆடுறது இதுதான் முதல்தரம், இதைச் சும்மா விடேலாது என்றார். செப்டெம்பர் 6 சனி ஓல்போர்க்கில் ஒரு பயிற்சி ஆட்டம் இருக்காம், அவரே வலையில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். பஸ் பிடிக்கப் போகிறாராம். பனர் அடிக்கப் போகிறாராம். வழியில் சாப்பிட ரோல்ஸ் யார் செய்வது என்பதும் முடிவாகிவிட்டது.

நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த வெயிலில், ஒரு வசனம் போதும்.

நான் கேட்டது: "அண்ணை, இவ்வளவு சனத்துக்கு ஒரு பஸ் காணுமோ?"

நானேதான் கேட்டேன்.


ஓகஸ்ட் 26, செவ்வாய்

நிரோ அழைத்தான். குரல் களைப்பு. கால் ஒன்றும் இல்லை, முதுகு ஒன்றும் இல்லை, கட்டில் கட்டை, கால் வெளியே தொங்குகிறது. அவனுக்கு இரண்டு மீற்றருக்கு மேலே உயரம். நான் அவன் நெஞ்சுவரைதான். மலரின் தம்பியின் உயரம் என்று அவள் பக்கம் பெருமை.

கோச் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். டேனிஷில் சொன்னான். அவனுக்கு மனம் சரியில்லாவிட்டால் டேனிஷ்தான் வரும், நான் மெல்ல மெல்லத் தமிழாக்கிக்கொண்டு போக வேண்டும்.

அவன் ஆடும் இடத்துக்கு ஃபோர்வேர்ட் என்று பெயர். நாலு வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது: கூடைக்குக் கீழே நின்று இடிபட்டு, இடித்து, இடம் பிடிக்கிற வேலை. கோச் சொன்னாராம், உன் கால் நல்லது, கை நல்லது, கண் நல்லது, ஆனால் நீ ஒருவனை இடித்தால் உடனே மன்னிப்புக் கேட்கிறாய். பந்து கையில் வந்தால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்கிறாய். பசி இல்லை உனக்கு.

"பசி இல்லையோ? நாலு பேற்ற சோறு சாப்பிடுறவன் நீ" என்றேன்.

அவன் சிரித்தான். கொஞ்சம்தான். நல்ல சிரிப்பு இல்லை.

வைத்த பிறகு யோசித்தேன். யார் பழக்கியது? பந்திக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் எடுத்த பிறகு எடு. கேக் வெட்டினால் சின்னத் துண்டை எடு. யாரையும் முட்டினால் மன்னிப்புக் கேள், நாங்கள் பிறநாட்டார், எங்களைத்தான் பார்ப்பார்கள். இருபது வருடம் ஒவ்வொரு நாளும் சொல்லி, நல்லாய் வளர்த்திருக்கிறோம் என்று ஊர் மெச்ச வளர்த்துவிட்டு, இப்போது ஒரு கோச் வந்து பசி இல்லை என்கிறார்.

பஸ் விஷயம் சொல்லவில்லை. வாய்க்குள் வந்தது, போனது.


ஓகஸ்ட் 29, வெள்ளி

மலர் விரதம். பின்னேரம் கோயில்.

அர்ச்சனைக்கு நிரோவின் பெயர், நட்சத்திரம் சொன்னேன். ஐயர் கண்ணை மூடினார். நானும் மூடினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. இடம் ஒன்று. நிரோவுக்குக் கிடைக்க வேண்டும் என்றால் மற்ற இரண்டு பேருக்கும் கிடைக்கக் கூடாது என்றுதானே கேட்கிறேன். டெரலின் அம்மாவும் எங்கேயோ ஒரு தேவாலயத்தில் முட்டுக்காலில் நிற்பாள். மாக்னுஸின் அம்மா சாமி கும்பிடுகிறவளோ தெரியாது, அவளும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

உண்மையை எழுதுகிறேன், இது யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த மணிச் சத்தத்துக்கு நடுவில் என் மனம் கேட்டது: மாக்னுஸின் கணுக்கால் சுளுக்கட்டும். பெரிதாய் வேண்டாம். இரண்டு கிழமைக்கு.

அரிசிப் பை தூக்கிய பையன்.

கற்பூரத் தட்டு வந்தபோது கையை நீட்டக் கூச்சமாக இருந்தது. நீட்டினேன்.

(பால், தயிர் வாங்க, கார் எண்ணெய் மாற்ற வேண்டும்.)


ஓகஸ்ட் 31, ஞாயிறு

ஓல்போர்க். வழியெல்லாம் காற்று, ஹொப்ரோ தாண்டிக் கார் ஆடியது.

தொழிற்சாலையில் மிஞ்சிய பலகையில் கட்டில் நுனிக்கு ஒரு பெட்டி செய்தேன், ஃபோர்மனிடம் கேட்டுத்தான். கட்டில் உயரத்துக்குச் சரியாய் வெட்டி, மேலே பஞ்சு வைத்து, துணி அடித்தேன். நிரோ படுத்துப் பார்த்தான். கால் முழுக்க உள்ளே வந்தது. ஆ என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தான். எனக்கு இந்த ஓகஸ்ட் முழுக்க நடந்த ஒரே நல்ல காரியம் அது. பலகை என்றால் எனக்குத் தெரியும். அளந்து வெட்டினால் பொருந்தும்.

டெரலும் வந்து பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். மலர் காலால் மிதித்தாள்.

பிறகு கிளப்பின் ஆட்ட ஹாலுக்குப் போய் நிரோவின் பயிற்சிப் பையை எடுத்தோம். அங்கே கிளப் அலுவலகத்துப் பெண், பிர்கிட், ஓடி வந்தாள். நிரோவின் அப்பாவா என்று கை கொடுத்தாள், ஆட்டினாள், விடவில்லை. ஒரே நேரத்தில் இவ்வளவு பேர் டிக்கெட்டுக்கு எழுதியிருக்கிறார்கள், பஸ்ஸில் வருகிறீர்களாமே, மேளம் மாதிரி ஏதோ கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறார்கள், தாராளமாய்க் கொண்டுவாருங்கள் என்றாள். பயிற்சி ஆட்டத்துக்கு வழக்கமாய் வருகிறவர்களை ஒரு காரில் ஏற்றிவிடலாம் என்று சொல்லிச் சிரித்தாள்.

நிரோ என்னைப் பார்த்தான்.

கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். நானும் கத்தியிருப்பேன், அது ஒரு வழி. அவன் "ஓகே" என்றான். டேனிஷ் ஓகே. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

காருக்குப் பக்கத்தில் வைத்து, "ஆக்கள் எடுபட்டிட்டன் எண்டுதான் வருகினமோ?" என்று கேட்டான்.

"சும்மா ஒரு... ஆதரவு" என்றேன்.

மலர் அழுதாள். அவன் அம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு என் தலைக்கு மேலால் எங்கேயோ பார்த்தான்.


செப்டெம்பர் 3, புதன்

சி. அண்ணையை அழைத்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் அழைத்தேன். "அண்ணை, ஒரு விஷயம்" என்று தொடங்கினேன்.

"பொறு, பொறு, பொன்னாடைக்கு என்ன நிறம்? அவற்ற கிளப் நிறம் என்ன?"

அவற்ற. நிரோவுக்கு 'அவர்' வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்கு, சி. அண்ணையின் வாயால்.

"சிவப்பு" என்றேன்.


செப்டெம்பர் 6, சனி

எழுத வேண்டும், வரிசையாய் எழுதினால் விளங்கும்.

மழை இல்லை. எங்கள் ஊர் இக்காஸ்ட் ஸ்டேஷன் முன்னால் பஸ். பெண்கள் சாரியில், பிள்ளைகள் சிவப்புச் சட்டையில். ரோல்ஸ் பெட்டிகள், தேத்தண்ணிப் போத்தல்கள், ஒரு தவில், சி. அண்ணையின் மருமகன் கையில் ஒலிபெருக்கி. பனரில் நிரோவின் முகம், பக்கத்தில் சங்கத்தின் சின்னம், நிரோவின் முகத்தைவிடச் சின்னம் பெரிது. 'ஓல்போர்க் வெற்றி வீரன்' என்று எழுத்து. ஹொல்ஸ்டெப்ரோ ஆட்கள் கார்களில் நேரே.

ஹாலில் எங்களைத் தவிர ஒரு சில டேனிஷ் ஆட்கள், ஒரு நாய்.

பாதிப் பேருக்குக் கூடைப்பந்து தெரியாது. யார் போட்டாலும் கைதட்டினார்கள். எதிரணி போட்டபோதும் தவில் அடித்தது. எதிரணிப் பெடியன் ஒருவன் திரும்பி எங்களுக்குக் கையசைத்தான்.

நிரோ ஓரத்து வாங்கில், இன்னும் இறக்காத ஆட்களோடு இருக்கிறான். மாக்னுஸ் உள்ளே. டெரல் உள்ளே, வெளியே, உள்ளே. நிரோ வாங்கில்.

இடைவேளைக்கு ரோல்ஸ். "எப்ப இறக்குவினம்?" என்று சி. அண்ணை கேட்டார். தெரிந்த ஆள் மாதிரி, "நல்ல ஆளைக் கடைசியிலதான் இறக்குவினம் அண்ணை" என்றேன். அந்தப் பதில் எங்கிருந்து வந்ததோ. அது வரிசை வரிசையாய்ப் பின்னுக்குப் போனது. "நல்ல ஆள் கடைசியிலயாம்." "அப்பிடியோ? ஓம், ஓம், அப்பிடித்தான்."

மூன்றாம் பகுதி. வாங்கு. ஒரு அக்கா பின்னால் சொன்னது கேட்டது: "உந்தப் பெடியன் சும்மா தண்ணி குடிக்கவோ வந்தவன்?" அவளின் மனிசன் அவளை அதட்டினார். நான் திரும்பவில்லை. மலர் என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பட்டது.

நாலாம் பகுதி. யாரோ ஒலிபெருக்கியில் "நி-ரோ" என்று தொடங்கினார்கள். பிறகு எல்லோரும். தவில். பிள்ளைகள் பலகையைக் காலால் தட்டினார்கள். கோச் திரும்பி எங்களைப் பார்த்தார். நிரோ குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மறுபடி அவிழ்த்துக் கட்டினான். நான் எழும்பி நிறுத்துங்கோ என்று கத்த வேண்டும். அத்தனை பேரும் என் வீட்டுச் சந்தோசத்துக்காகக் கத்துகிறார்கள், எந்த முகத்தோடு எழும்புவது?

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கோச் அவன் முதுகில் தட்டினார்.

பந்து வந்தது. கூடைக்குக் கீழே அவன், முன்னால் ஒருவனும் இல்லை. எனக்கே தெரிந்தது, எறிய வேண்டும். அவன் பக்கத்தில் பார்த்தான். மாக்னுஸுக்குக் கொடுத்தான். மாக்னுஸ் போட்டான். எங்கள் ஆட்கள் கூரை கிழியக் கத்தினார்கள். கோச் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு ஒருவன் அவன் கையில் அடித்ததற்காக இரண்டு எறி இலவசமாய்க் கொடுத்தார்கள். ஒன்று வெளியே. ஒன்று உள்ளே. அதுதான் அவன் முழுக் கணக்கு.

ஆட்டம் தோல்வி. எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

வாசலில் வைத்துப் பொன்னாடை. சி. அண்ணைக்கு எட்டவில்லை. நிரோ முழங்காலை மடித்துக் குனிந்தான், வியர்வை சொட்டச் சொட்ட, சிவப்புச் சால்வை தோளில். எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒவ்வொருவராய்ப் பக்கத்தில் நின்று எடுத்தார்கள். எல்லோருக்கும் சிரித்தான். டெரலும் மாக்னுஸும் பைகளோடு சுவரோரம் நின்று பார்த்தார்கள். யாரோ அவர்களுக்கும் ரோல்ஸ் கொடுத்தார்கள்.

பிர்கிட் என்னிடம் வந்து, கண் கலங்கி, இப்படி ஒன்றை இந்த ஹால் பார்த்ததே இல்லை என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பாட்டு.


செப்டெம்பர் 7, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. புல் வெட்டினேன்.

சங்கத்துக் குழுவில் வீடியோ. அந்த ஒரு எறி திரும்பத் திரும்ப. கீழே கைதட்டும் படங்கள், மாலைப் படங்கள். வெளியே போன எறியை வெட்டிவிட்டார்கள்.


செப்டெம்பர் 8, திங்கள்

வேலைத்தலத்தில் ஃபோர்மன் கை கொடுத்து "தில்லுக்க" என்றார். வாழ்த்தாம். அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிஷின் சத்தத்தில் கேட்காத மாதிரித் தலையாட்டினேன்.

நிரோ தொலைபேசி எடுக்கவில்லை. 'பயிற்சி, பிறகு' என்று ஒரு செய்தி.


செப்டெம்பர் 11, வியாழன்

முடிவு.

இடம் மாக்னுஸுக்கு.

நிரோ இப்படித்தான் சொன்னான்: "மாக்னுஸை எடுத்திட்டினம். அவன் நல்லா ஆடினவன், அப்பா." அதிலும் அவனுக்கு விட்டுக் கொடுக்கிறான்.

பிறகு சொன்னான், தனக்கும் ஒன்று தருகிறார்களாம். அணியில் இல்லை. அலுவலகத்தில், பிர்கிட்டோடு. பள்ளிக்கூடங்களுக்குப் போய் வெளிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளை ஹாலுக்குக் கூட்டிவருவது, ஆட்டங்களுக்கு ஆட்களைச் சேர்ப்பது. நகரசபையும், அதுதான் கொமூன், சம்பளத்தில் பாதி கொடுக்கிறதாம். கிழமைக்கு இரண்டு நாள் அணியோடு பயிற்சி செய்யலாம், ஆட்டம் இல்லை. சட்டையும் உண்டு. இலக்கம் போடாத சட்டை.

"அண்டைக்கு வந்த சனத்தைப் பாத்துத்தான் யோசிச்சவையாம்" என்றான்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். என் பஸ். நான் கேட்ட பஸ்.

இன்னொன்றும் சொன்னான். டெரலும் வெளியே. டெரலின் ஏஜென்ட் அவனை சுவீடனில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்புகிறான், இரண்டாம் பிரிவு. அங்கே இன்னொரு ஃபோர்வேர்டும் தேவையாம். நிரோவின் கல்லூரி ஆட்டங்களைப் பார்த்திருக்கிறார்கள், வா என்கிறார்கள். ஒரு அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். ஒவ்வொரு ஆட்டமும் ஆடலாம்.

"ஒவ்வொரு ஆட்டமும்" என்று அவன் சொன்னபோது அது தமிழில் வந்தது.

இரண்டு கிளப்புக்கும் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். ஞாயிறு வீட்டுக்கு வருகிறானாம்.

மலரிடம் சொன்னேன். அவள் சுவீடன் வரைக்கும் கேட்கவில்லை. 'அலுவலகம்', 'சம்பளம்', 'கொமூன்' என்ற மூன்று சொல்லோடு சாமி அறைக்குப் போய்விட்டாள். நாள் முழுக்க ஒரு இடியும் படாமல், மேசைக்குப் பின்னால் இருக்கிற உத்தியோகம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.


செப்டெம்பர் 12, வெள்ளி

கதவுகள், கீல்கள், கதவுகள்.

வேலை முழுக்க மனதுக்குள் ஒரு வசனம் செய்து பார்த்தேன். 'நிரோ, நீ சுவீடனுக்குப் போ. ஆக்கள் கதைக்கிறதை நான் பாத்துக்கொள்ளுறன்.' நல்ல வசனம். 'பாத்துக்கொள்ளுறன்' என்ற இடத்தில் குரல் கம்மாமல் சொல்ல வேண்டும். மிஷினுக்கு மேலால் சத்தமாய்ச் சொல்லியும் பார்த்தேன். போலந்துக்காரன் திரும்பிப் பார்த்தான்.

சொன்னால் என்ன நடக்கும்: சி. அண்ணை 'ஓ' என்பார். பள்ளிக்கூட வாசலில் கோப்பி குடிக்கும்போது நான் போனதும் பேச்சு நிற்கும். பொன்னாடை போட்ட வீடியோவை யாரோ மறுபடி எடுத்துப் போட்டு ஒரு சிரிப்புப் படம் வைப்பார்கள். ஒரு வருடம். பிறகு வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதானே. அதற்காக ஒரு பிள்ளையின் காலைக் கட்டிப்போடுவதா?

சொல்வது என்று முடிவு.


செப்டெம்பர் 14, ஞாயிறு

இரவு பெய்த மழை விட்டிருந்தது. நிரோ ரயிலில் வந்தான். மெலிந்திருந்தான். மலர் கோழிக்கறி, இறால், கத்தரிக்காய், பருப்பு, எல்லாம்.

சாப்பிட இருக்கும்போதே சி. அண்ணையும் அவரின் மனிசியும் லட்டோடு வந்து நின்றார்கள். மலர் வேலை விஷயத்தைக் கோயிலில் சொல்லியிருக்கிறாள்.

"கிளப்பில ஒஃபிஸும் குடுத்திட்டாங்களாம்!" என்றார் சி. அண்ணை. "ஆட்டமும் ஒஃபிஸும்! நான் அண்டைக்கே சொன்னனான், உந்தக் கிளப்பை இவர்தான் தூக்கி நிறுத்தப்போறார் எண்டு. அடுத்த மாதம் கலைவிழாவில இவரைத்தான் பிரதம விருந்தினராக் கூப்பிடப்போறம்."

நிரோ எழும்பி நின்று கை கொடுத்தான். "தாங்க்ஸ் மாமா." லட்டில் சின்னதை எடுத்தான்.

அவர்கள் போனார்கள். மலர் குசினிக்குள். நானும் அவனும் மேசையில். இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவன்தான் தொடங்கினான். தமிழில், ஒவ்வொரு சொல்லாய்.

"அப்பா, நான் சுவீடனுக்குப் போனா ஆக்களுக்கு நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?"

வசனம் தயாராய் இருந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், வசனத்துக்குப் பதிலாய் பஸ்ஸில் பாடியவர்கள், ஃபோர்மனின் கை, மச்சாளின் குரல், எல்லாம் வந்து நின்றன. அவன் பொறுமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்டது கேள்வி. அதற்கு நான் போ என்று சொல்வதற்காகத்தான் கேட்டான். அது எனக்கு அப்போதே விளங்கியது.

"ஏதாவது... சொல்லலாம்தானே" என்றேன்.

"என்னண்டு?"

தண்ணி குடித்தேன்.

அவன் என் கைக்கு மேலே தன் கையை வைத்தான். அந்தப் பெரிய கை.

"பரவாயில்லை அப்பா. நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் மாத்திச் சொல்லத் தேவையில்லை. நான் ஓல்போர்க்கிலயே நிக்கிறன்."

மற்றக் கையால் தொலைபேசியை எடுத்து, மேசையில் வைத்தபடியே கிளப்பின் வேலைப் பத்திரத்தைத் திறந்து, விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். திங்கள்வரை பொறுக்கவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"கறி இன்னும் இருக்கோ அம்மா?" என்று கேட்டான்.

மலர் சட்டியோடு வந்தாள். நான் அதை வாங்கி அவனுக்குப் போட்டேன். போதும் போதும் என்றான், இன்னும் போட்டேன்.